பல்பைக் கழட்டினவனும் பெட்டியை மாத்தச் சொன்னவனும்

போன பிப்ரவரியில நடந்த கதை. எழுதணும் எழுதணும்னு நெனச்சு, ஆபீஸ்ல ஆணி அதிகமானதால தள்ளிப் போயிட்டே இருந்தது. இன்னைக்கு லீவு. தங்கமணியும் பொண்ணும் இன்னும் எழுந்திருக்கலை. உக்காந்துட்டேன்.

நமக்குப் பொழப்பு கணக்கு எழுதுறது. ஷார்ஜாவில குப்பை கொட்ட ஆரம்பிச்சு வருஷம் பல ஆச்சு. இருக்கிற ஒரே கிறுக்கு, குளிர்காலத்துல பழைய ஃபோர் வீல் வண்டியை எடுத்துக்கிட்டு மணலுக்குள்ள போறது. வண்டி எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். கம்பெனி மேல ஒரு தப்பும் இல்லை. தப்பெல்லாம் மனுஷங்க மேலதான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

மூணு வண்டியா மிலேஹா பக்கம், ஃபாசில் ராக் மலையைச் சுத்தி இருக்கிற மணல்ல ஓட்டினோம். டயர் காத்தை 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கியாச்சு, ஏறி இறங்கி ஆட்டம் போட்டாச்சு. நடுவுல ஒரு காஞ்ச புதர் மேல ஏறினேன், அடியில ஏதோ சடசடன்னு முறிஞ்சது. "குச்சிதானே"ன்னு விட்டுட்டேன். அப்புறம் முந்தின வாரம் பேஞ்ச மழையில தேங்கியிருந்த சேத்துத் தண்ணியில ஒரு ஓட்டம். பசங்களுக்குக் குஷி.

தார் ரோட்டுக்கு வந்து, காத்தடிச்சு, லீவரை 4எச்-லேர்ந்து 2எச்-க்கு மாத்தினேன். முன் சக்கர லைட் அணையணும். அணையலை. கண் சிமிட்ட ஆரம்பிச்சது. டிக் டிக் டிக்னு, ஊர் வர்ற வரைக்கும்.

இது சில சமயம் சும்மாவும் நடக்கும். கெட்டித் தரையில ஃபோர் வீல்ல கொஞ்ச தூரம் ஓட்டிட்டாலே முன்பக்கத் தண்டும் பின்பக்கத் தண்டும் ஒண்ணை ஒண்ணு முறுக்கிக்கும். வளைவுல முன் சக்கரம் ஒரு தூரம் ஓடும், பின் சக்கரம் வேற தூரம் ஓடும். மணல்ல சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிபண்ணிக்கும். தார் ரோட்டுல வழுக்காது. முறுக்கு ஏறினா உள்ளே இருக்கிற வளையம் பிடிச்சுக்கிட்டு விடாது. வண்டியைப் பத்தடி நேரா ரிவர்ஸ் எடுத்து, ஸ்டியரிங்கை இடமும் வலமுமா ஒடிச்சா பெரும்பாலும் விட்டுடும். அதையும் செஞ்சு பார்த்தேன். ம்ஹூம்.

மறுநாள் வழக்கமா போற கராஜ். சூப்பர்வைசர் நம்மூர்க்காரர்தான். ஸ்கேனரைச் சொருகினார், ஏதோ ஒரு கோடு வந்தது, பத்து நிமிஷம்கூட ஆகலை. "சார், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் போச்சு. பழைய பார்ட்ஸ் மார்க்கெட்ல செட்டாவே கிடைக்கும். கூலியோட 4,200 திர்ஹாம்." வண்டிக்கு அடியில குனிஞ்சுகூட பார்க்கலை மனுஷன்.

ட்ரான்ஸ்ஃபர் கேஸ்ங்கறது கியர்பாக்ஸுக்குப் பின்னாடி இருக்கிற பெட்டி. இன்ஜின் சக்தியை முன் சக்கரத்துக்கும் பிரிச்சு அனுப்பறது அதுதான். அது போச்சுன்னா போச்சுதான். ஆனா போனா சத்தம் வரும், லீவர் மாட்டும், எண்ணெய் ஒழுகும். எனக்கு எதுவுமே இல்லையே, லைட் மட்டும்தானே சிமிட்டுது? கேட்டேன். "ஸ்கேனர் சொல்லுது சார்" அப்படின்னார். ஸ்கேனர் என்னவோ ஜோசியக்காரர் மாதிரி!

நான் உடனே சரின்னு தலையாட்டாததுக்குக் காரணம் அறிவு இல்லீங்க, அனுபவம். இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2015 நவம்பர். இதே வண்டி, செகண்ட் ஹேண்ட்ல வாங்கி ரெண்டு மாசம். பொண்ணுக்கு ஆறு வயசு. ஹத்தா ரோட்டுல மதாம் பக்கம் போய், 'சும்மா கொஞ்சம் உள்ளே போயிட்டு வரலாம்'னு ஒத்தை வண்டியா மணல்ல இறங்கிட்டேன். ஒத்தை வண்டியில போகக்கூடாதுங்கறது பாலபாடம். எனக்குத்தான் புது வண்டி மயக்கம். ரெண்டு மேட்டுக்கு நடுவுல கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம். இறங்கியாச்சு, ஏற முடியலை. 4எச் போட்டேன், 4எல் போட்டேன், பின் சக்கரம் ரெண்டும் குழி தோண்டிக்கிட்டே போகுது. நான் மண்வெட்டியோட மல்லுக்கட்டுறேன், தங்கமணி வெளியே நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அரைமணி நேரம் கழிச்சு ஒரு கேள்வி: "ஏங்க, முன்னாடி சக்கரம் சுத்தவே இல்லையே, அது அப்படித்தானா?"

ஙே.

அதுவரைக்கும் எனக்கு அது தோணவே இல்லை. லீவர் 4-ல இருந்தது, மீட்டர்ல எந்த எச்சரிக்கையும் இல்லை, அப்போ நாலு சக்கரமும் இழுக்குதுன்னுதானே அர்த்தம்? போன்ல சிக்னல் வந்து வந்து போச்சு. தண்ணி ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒண்ணு, அதுலயும் பாதி. இருட்டினப்புறம் மேட்டு மேல ஏறி டார்ச் அடிச்சதைப் பார்த்து ரெண்டு எமிராத்திப் பசங்க வந்து கயிறு கட்டி இழுத்தாங்க. காசு நீட்டினா கோபப்பட்டாங்க. பொண்ணு பின் சீட்டுல அழுது அழுது தூங்கிப் போயிருந்தா. அந்த மூஞ்சி இன்னும் மறக்கலை.

அப்புறம்தான் தெரிஞ்சது. முன் அச்சை இயக்குற ஒரு சின்ன வால்வு செத்துப் போயிருந்தது. அது செத்தா லைட் சிமிட்டியிருக்கணும். ஏன் சிமிட்டலைன்னா, எனக்கு வித்த புண்ணியவான் மீட்டரைக் கழட்டி அந்த பல்பையே எடுத்துட்டார்! வாங்குறவன் கண்ல படக்கூடாதில்லையா. வால்வை மாத்தினோம், பல்பையும் போட்டோம். அன்னையிலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் சாவியை ஆன் பண்ணினதும், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, எச்சரிக்கை லைட்டெல்லாம் ஒரு தடவை எரிஞ்சு அணையுதான்னு பார்க்காம நான் கிளம்பறதில்லை. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குறவங்க தயவுசெஞ்சு இதைப் பாருங்க. எரிய வேண்டிய லைட் எரியலைன்னா வண்டி நல்லா இருக்குன்னு அர்த்தமில்லை, யாரோ வாயைக் கட்டிட்டாங்கன்னு அர்த்தம்.

கொசுவத்தி முடிஞ்சது. 4,200 திர்ஹாம் கொடுக்க மனசில்லாம, கூட வேலை பார்க்கிறவர் சொன்ன இன்னொரு இடத்துக்குப் போனேன். இண்டஸ்ட்ரியல் ஏரியாவில ஒரு சந்து, ஒரே ஒரு ஷட்டர் கடை. உஸ்தாத் பெஷாவர்காரர், தாடியெல்லாம் நரைச்சாச்சு. ஸ்கேனர் பக்கமே போகலை. முதல்ல மூணு கேள்வி கேட்டார். லைட் மணல்லயே சிமிட்டுச்சா, ரோட்டுக்கு வந்தப்புறமா? ஏ.பி.எஸ். லைட்டும் சேர்ந்து எரிஞ்சதா? அடியில ஏதாவது இடிச்சதா?

மூணாவது கேள்விக்கு அந்தக் காஞ்ச புதர் ஞாபகம் வந்தது. சொன்னேன். சிரிச்சார்.

இந்த மாதிரி வண்டியில ட்ரான்ஸ்ஃபர் கேஸ் மட்டும் இருந்தா பத்தாது. ரோட்டுல ஓடும்போது முன்பக்கப் பல்சக்கரங்கள் வீணா சுத்தக்கூடாதுன்னு, முன் அச்சுல ஒரு பக்கத் தண்டைப் பிரிச்சு வெச்சிருப்பாங்க. ஃபோர் வீல் போட்டா இன்ஜினோட உறிஞ்சல் சின்ன ரப்பர் ட்யூப் வழியா வந்து, ஒரு வளையத்தை நகர்த்தி, பிரிஞ்ச தண்டைச் சேர்க்கும். சேர்க்க ஒரு ட்யூப், பிரிக்க ஒரு ட்யூப். வேலை முடிஞ்சதும் அங்கேயே இருக்கிற சுவிட்ச் "ஆச்சு"ன்னு சேதி அனுப்பும். சேதி வர்ற வரைக்கும் லைட் சிமிட்டும். அவ்வளவுதான் விஷயம். அதாவது அந்த லைட் "ட்ரான்ஸ்ஃபர் கேஸ் போச்சு"ன்னு சொல்லலை. "நீ சொன்ன வேலை முடிஞ்சதுன்னு எனக்கு இன்னும் சேதி வரலை"ன்னுதான் சொல்லுது. ஸ்கேனர் கோடும் அப்படித்தான், எந்தத் தெருவில பிரச்சினைன்னு சொல்லும், எந்த வீட்டுலன்னு சொல்லாது.

உஸ்தாத் இன்ஜினை ஓடவிட்டு, முன் அச்சுக்குப் போற ட்யூப்களோட முனையில விரலை வெச்சுப் பார்த்தார். ஒண்ணுல உறிஞ்சலே இல்லை. டார்ச்சோட அடியில படுத்துக்கிட்டு அந்த ட்யூப் வழியே பின்னாடியே போனார். ஒரு இணைப்புல கழண்டு தொங்குது, பக்கத்துலயே ஒரு குச்சித் துண்டு சொருகிக்கிட்டு நிக்குது. ட்யூபும் வெயில்ல வெந்து வெடிச்சிருந்தது. புது ட்யூப் போட்டார். லைட்டைப் பார்த்தோம்.

சிமிட்டுது!

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. 4,200 கண்ணு முன்னாடி வந்து போச்சு. அவர் அசரலை. முன் அச்சு சுவிட்சோட ப்ளக்கைக் கழட்டினார். உள்ளே ஈர மண். செம்பு முனையில பச்சை பூத்திருக்கு. சுத்தம் பண்ணி, காத்தடிச்சுக் காயவெச்சு, திரும்ப மாட்டினார். 2எச்-ல லைட் அணைஞ்சது. 4எச்-ல நிலையா எரிஞ்சது. பத்து தடவை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தோம்.

ரெண்டு மணி நேரம் ஆச்சு. ட்யூப் 8 திர்ஹாம், கூலி 120.

கிளம்பறப்போ கேட்டேன், "உஸ்தாத், அவங்க ஏன் இதைப் பார்க்கலை? தெரியாதா?" அவர் சொன்னதுதான் இந்தப் பதிவை எழுத வெச்சது. "தெரியும் பாய். ஆனா தேடுறதுக்குக் காசு கேட்டா யாரும் தர மாட்டாங்க. மாத்துறதுக்குக் கேட்டா தருவாங்க."

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அதையே யோசிச்சேன். உண்மைதானே? நாமளே எப்படி? 4,200 திர்ஹாமுக்கு ஒரு பெட்டியை மாத்தி, பழைய பெட்டியைக் கையில காட்டினா திருப்தியா பணம் கொடுப்போம். "ரெண்டு மணி நேரம் தேடினேன், ஒரு ட்யூப் கழண்டிருந்தது, 300 கொடுங்க"ன்னா, "ஒரு ட்யூபை மாட்டறதுக்கா 300?"ன்னு சண்டைக்குப் போவோம். நான் போயிருக்கேன், பொய் சொல்லலை. அப்புறம் கராஜ்காரர் எப்படித் தேடுவார்? தேடத் தெரிஞ்சவனுக்குக் கூலி இல்லாத இடத்துல ஒருத்தன் பல்பைக் கழட்டுவான், இன்னொருத்தன் பெட்டியையே மாத்தச் சொல்லுவான். ரெண்டு பேரும் செய்யறது ஒண்ணுதான். லைட் என்ன சொல்லுதுன்னு கேக்காமலே அதை அணைக்கிறாங்க.

அதனால என் கட்சி இதுதான் மக்கா: கராஜுக்குப் போனதும் "சரிபண்ண எவ்வளவு?"ன்னு கேக்காதீங்க. "என்னன்னு கண்டுபிடிக்க எவ்வளவு?"ன்னு தனியா கேளுங்க. அதைக் கொடுங்க. கண்டுபிடிச்சப்புறம் மாத்துறதா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க. 200 போனாலும் பரவாயில்லை, 4,200 மிச்சம்.

தேடுறதுல பாதியை நாமளே செய்யலாம், அதுக்கு மெக்கானிக் மூளை வேண்டாம். லைட் சிமிட்டுதா, நிலையா எரியுதான்னு கவனிங்க. ரெண்டுக்கும் அர்த்தம் வேற, வண்டியோட புத்தகத்துல இருக்கும். ஏ.பி.எஸ். லைட்டும் கூட எரிஞ்சா சக்கரத்துக்குப் பக்கத்துல இருக்கிற வேக சென்சார்ல சேறு அப்பியிருக்கலாம், முதல்ல கழுவிப் பாருங்க. லீவர் இல்லாம தானா நாலு சக்கரமும் இழுக்கிற புது மாடல் வண்டிகள்ல, மணல்ல ரொம்ப முக்கினா உள்ளே இருக்கிற க்ளட்ச் சூடாகி லைட் போடும். நிறுத்தி ஆறவிட்டா பல சமயம் தானா சரியாகிடும். நாலு டயர்லயும் கம்பெனி சொன்ன அளவு காத்து இருக்கான்னு பாருங்க. ஆழமான தண்ணியில இறங்கியிருந்தா டிஃபரன்ஷியல் எண்ணெயைப் பாருங்க, பால் விட்ட டீ மாதிரி இருந்தா தண்ணி புகுந்திருக்கு, உடனே மாத்துங்க. வீட்டுக்கு வந்ததும் அடியைக் கழுவுங்க. ஆனா பிரஷர் தண்ணியை ப்ளக் மேல நேரா பீய்ச்சாதீங்க, சேறு செய்யாததை அது செஞ்சிடும். முக்கியமா எங்கே, எப்போ, என்ன செஞ்சப்புறம் லைட் வந்ததுன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வெச்சுக்கோங்க. உஸ்தாத் கேட்ட மூணு கேள்விக்கும் பதில் என்கிட்டதான் இருந்தது, எந்த ஸ்கேனர்லயும் இல்லை.

உஸ்தாத்துக்கு அன்னைக்கு 200 கொடுத்தேன். மீதியைத் திருப்பித் தர வந்தார். "இது தேடினதுக்கு"ன்னேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துட்டு, உள்ளே திரும்பி சுலைமானி ரெண்டு சொன்னார்.

போன வாரம் பொண்ணு முன் சீட்டுல ஏறினா. அவளுக்கு ஆறு வயசுல நடந்தது பாதிதான் ஞாபகம் இருக்காம். ஆனா நான் சாவியைத் திருப்பினதும் மீட்டரை எட்டிப் பார்த்து, "எல்லாம் எரிஞ்சுதுப்பா, இப்போ ஸ்டார்ட் பண்ணு"ங்கறா.