முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையும் என்பு வளர்க்கும் மருந்தும்

"முதுகெலும்பை வளரச் செய்யிற மருந்து ஒன்று வந்திருக்காம். அதைப் போட்டால் இவர் எழும்பி நடப்பாரோ?"

எறிகணையிலும் சன்னத்திலும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களைப் பராமரிக்கும் எமது சகோதரிகளிடமிருந்து எழும் கேள்வி இது. காணியை ஈடுவைத்துக் கொழும்புக்கோ சென்னைக்கோ புறப்பட முன்னர் இதற்கான பதிலை அறிந்திருக்க வேண்டும்.

முள்ளந்தண்டில் என்பு வேறு, அதற்குள்ளே செல்லும் முண்ணாண் வேறு. குழாயும் அதனுள் ஓடும் மின்கம்பியும் போல. என்பு முறிந்தால் வைத்தியர்கள் தகடும் ஆணியும் பூட்டி அசையாமல் நிறுத்துவார்கள். ஆனால் உலோகம் தற்காலிக முண்டுதான். என்போடு என்பு ஒட்டாவிட்டால் ஆணி நாளடைவில் தளர்ந்துவிடும். அதனால் நோயாளியின் இடுப்பென்பிலிருந்தே சிறு துண்டுகளை எடுத்து இடையில் வைப்பது நெடுங்கால வழக்கம். எடுத்த இடத்து நோ சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும்.

இந்த நோவைத் தவிர்க்கத்தான் புதிய மருந்து வந்தது. 1965இல் அமெரிக்க வைத்தியர் மார்ஷல் யூரிஸ்ட், சுண்ணாம்புச் சத்து நீக்கிய என்பை விலங்குகளின் தசைக்குள் வைத்தபோது அங்கே புதிய என்பு உருவானது. என்பை உருவாக்கும்படி கலங்களைத் தூண்டிய புரதமே வளர்ச்சிக் காரணி. அது பின்னர் ஆய்வுகூடத்தில் தயாரிக்கப்பட்டு, கீழ் முதுகுச் சத்திரசிகிச்சை ஒன்றுக்காக 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இது ஊசியல்ல, பஞ்சு போன்ற பொருளில் நனைத்து, சத்திரசிகிச்சையின்போதே உள்ளே வைப்பார்கள்.

ஆரம்பத்தில் பெரும் வரவேற்புத்தான். கழுத்தில் பயன்படுத்திய சிலருக்குத் தொண்டை வீங்கி மூச்சுத் திணறியதால் 2008இல் அந்நாட்டு அரசு எச்சரிக்கை விடுத்தது. 2013இல் இரு சுயாதீனக் குழுக்கள் தயாரிப்பு நிறுவனத்தின் தரவுகளை முழுமையாக மீளாய்வு செய்தன. சொந்த இடுப்பென்பை விட இம்மருந்து மேலானதென்று அவை காணவில்லை. விலையோ ஆயிரக்கணக்கான டொலர். கர்ப்பிணிகளுக்கும் புற்றுநோய் உள்ளோருக்கும் இதனைப் பயன்படுத்தக் கூடாது. வைத்துக்கொண்ட பெண் ஒரு வருடத்துக்குக் கருத்தரிக்காமல் இருக்கவேண்டும் என்பதும் அறிவுறுத்தல். இதை எமது பெண்கள் கட்டாயம் கேட்டறிய வேண்டும்.

முக்கியமான விடயம்: இம்மருந்து என்பை ஒட்டவைக்கும், முண்ணாணை ஒட்டவைக்காது. இதனால் கால்களில் உணர்வு திரும்பாது. திரும்பும் என்று சொல்லி எவரும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் ஒருவருக்குச் சத்திரசிகிச்சை நிச்சயமாகியிருந்தால், எந்த என்பை வைக்கப் போகிறார்கள், எங்கிருந்து எடுப்பார்கள் என்று வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள். நீரிழிவு இருந்தால் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள். முட்டை, நெத்தலி, பயறு என்று இயன்றதைக் கொடுங்கள். சுருட்டு, பீடி, சிகரெட் எல்லாவற்றையும் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். புகையிலையிலுள்ள நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி என்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தும். வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலையிலும் அதே நிக்கோட்டின்தான் இருக்கிறது, அம்மாமாரே.