சங்கக் கட்டடம் யாருடையது?

கேள்வி: எங்கள் ஊர் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய ஓட்டுக் கட்டடமும் கிடங்கும் மழைக்கு ஒழுகுகின்றன. இடித்துவிட்டு, கம்பெனி லாரிகள் நிறுத்த இடத்தை வாடகைக்கு விடலாம் என்கிறார்கள் சிலர். அது அரசுக் கட்டடமா, பஞ்சாயத்துக் கட்டடமா?
– வாசகர், கும்மிடிப்பூண்டி வட்டம்

பதில்: இடம் சங்கத்தின் பெயரில் இருந்தால் இரண்டுமல்ல, அது உறுப்பினர்களின் சொத்து. திருவள்ளூர் மாவட்டத்தில் இந்தச் சந்தேகம் வருவதுதான் வேடிக்கை. தமிழகத்தின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-ல் இங்குள்ள திரூரில்தான் தொடங்கியது. அன்று இது செங்கல்பட்டு மாவட்டம்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, வேளாண் வங்கிகள் பற்றி ஆராய்ந்து சொல்லும்படி சென்னை மாகாண அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்தது. ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கிராமத்தாரைச் சேர்த்து நடத்திய கடன் சங்கங்களையே அவர் முன்மாதிரியாகக் காட்டினார். பிறகு 1904-ல் சட்டம் வந்தது. பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம் தொடங்கலாம். கிராமச் சங்கமானால் ஐந்தில் நான்கு பேர் விவசாயிகளாக இருக்க வேண்டும். பொறுப்புக்கு வரம்பு கிடையாது. அதாவது, சங்கம் கடனைக் கட்ட முடியாமல் நின்றால் ஒவ்வொரு உறுப்பினரின் சொத்தும் அதற்கு ஈடு. வட்டிக்காரரிடம் நிலத்தை இழந்து பழகிய ஊர்களில் இப்படிக் கையெழுத்துப் போட எவ்வளவு துணிச்சல் வேண்டும்! கிடைத்த லாபத்தையும் பங்கு போடாமல் சேமநிதியில் வைக்கச் சொன்னது அந்தச் சட்டம்.

(டி.கே.எம். நெல் ரகங்களின் பெயரும் திரூர்குப்பத்தின் சுருக்கம்தான். நம் தாத்தாக்கள் விரும்பி நட்ட ஐ.ஆர். 20-க்குத் தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் டி.கே.எம். 6-லிருந்து வந்தது.)

இனி, செய்ய வேண்டியது. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைப் பார்த்து, சர்வே எண்ணுக்கு எதிரே யார் பெயர் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சங்கத்தின் பழைய தீர்மானப் புத்தகங்களையும் கேளுங்கள். இடம் வாங்கியது, கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கியது எல்லாம் பெரும்பாலும் அவற்றில் இருக்கும். கரையான் அரிப்பதற்குள் நகல் எடுத்துவிடுவது நல்லது. இடம் சங்கத்தினுடையதானால், பேரவைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். துணைப்பதிவாளருக்கும் எழுத்தில் மனுக் கொடுங்கள். பஞ்சாயத்துப் பெயரிலோ புறம்போக்காகவோ இருந்தால் கிராம சபையில் பேசித் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

லாரி வாடகை மாதாமாதம் வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் உரமும் விதையும் இறக்கிவைக்க வேறு கிடங்கு ஊரில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஓடு மாற்றுவதற்கு என்ன செலவாகும் என்று ஒரு மதிப்பீடு வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.