வகரம் எங்கே போயிற்று?

கிரேக்க நாட்டின் மேலைக்கடலில் இதாக்கா என்றொரு சிறுதீவு உண்டு. ஓமர் பாடிய காப்பியத் தலைவன் ஒடீசியசின் ஊர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்க நாட்டு நியூயார்க்கு மாநிலத்தின் நில அளவைத் தலைவர் சிமியோன் தெ விட்டு, ஆங்கு எழுந்த புதிய ஊருக்கு அப்பெயரையே இட்டார். 1865-இல் கார்னெல் பல்கலைக்கழகம் தோன்றிய நகரம் அதுவே. இரவல் வாங்கிய பெயரையும் எழுத்துப் பிசகாமல் காக்கின்றான் அயலான்!

சொந்தப் பெயரைத் தமிழன் காத்த திறம் யாது? பழனி மலையடியில், கொடைக்கானலுக்கு வாயிலாய் நிற்கிறது வத்தலக்குண்டு. ஆங்கில ஏட்டிலோ அது ‘பட்லகுண்டு’! ஆங்கிலத்தில் வகர ஒலிக்கு எழுத்தில்லையா? தன் அரசி விக்டோரியாவின் பெயரை எவ்வெழுத்தால் எழுதினான் வெள்ளையன்? வேலூருக்குக் கிடைத்த வகரம் வத்தலக்குண்டுக்குக் கிடையாமற் போனதேன்?

இத்திரிபு ஏட்டோடு நின்றதா? மண்ணின் மைந்தர் தலையிலும் ஏறிற்று. ‘கமலாம்பாள் சரித்திரம்’ என்னும் புதினம் படைத்த பி.ஆர். இராசம் ஐயர் இவ்வூரினர். ‘மணிக்கொடி’ இதழால் சிறுகதை வளர்த்த பி.எசு. இராமையாவும் இவ்வூரினரே. இருவர் பெயர்க்கும் முன்னே நிற்கும் அந்தப் ‘பி’ எது? ஊர்ப்பெயரின் ஆங்கிலச் சிதைவு! தமிழில் எழுதியோர்க்கும் தம் ஊரின் முதலெழுத்து தமிழில் வாய்க்கவில்லை. அடிமைத்தனம் கையொப்பத்தில் குடியேறிய கொடுமை இது!

“பெயரில் என்ன இருக்கிறது?” என்பார் உளர். ஒன்றும் இல்லையெனில், 1996-இல் மெட்ராசு சென்னையானது எதற்கு? 2020 சூனில், 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப ஆங்கிலத்தில் எழுதத் தமிழக அரசு ஆணை வெளியிட்டது. எழுத்துக்கூட்டலில் குறை எழுந்தது. சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றுவதா, வீட்டையே கைவிடுவதா? மொழியறிஞரைக் கூட்டி எழுத்துக்கூட்டலைச் செப்பம் செய்திருக்கலாமே!

அரசு விழிக்கும்வரை தமிழன் உறங்க வேண்டுவதில்லை. கடைப்பலகையும் கடிதத்தாளும் அவன் கையில் உள்ளன. ஆங்கிலத்தில் எழுத நேரினும் வத்தலக்குண்டு வகரத்தோடே நிற்கட்டும். அவ்வூர்ப் பிள்ளை தன் பெயர்முன் ஊரைக் குறிப்பதாயின் ‘வ.’ என்றே குறிக்கட்டும். தன் ஊரின் முதலெழுத்தையே மீட்க மாட்டாதவன், வேறெதனை மீட்பான்?