உள்ளம் நோயுற்றால் உரியவரை நாடுக

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க ஊரெல்லாம் விசாரிக்கிறோம். வீடு கட்ட மூன்று குத்தகையாளரிடம் விலை கேட்கிறோம். பெற்ற பிள்ளையின் உள்ளம் நோயுற்றால் மட்டும், எதிர்ப்பட்டவர் எவராயினும் அவரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். இஃது அறியாமை மட்டுமன்று. பிள்ளைக்கு இழைக்கும் அநீதியுமாகும்.

பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் மனநல மருத்துவமனை தோன்றியது. அவ்வூர்ப் பெயரையே வசைச்சொல்லாக்கி நகைத்து வருகிறோம். அந்நகைப்புக்கு அஞ்சியே பலர் நோயை மறைக்கின்றனர்; மறைக்க இயலாத நிலையில் மந்திரிப்பவரையும் கயிறு கட்டுபவரையும் தேடி ஓடுகின்றனர். 2022இல் இந்நாட்டு இடைநிலைப்பள்ளி மாணவரிடையே அரசு நடத்திய நல ஆய்வில், ஏறத்தாழ நால்வருள் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் அஃது எத்தனை பேர் என ஆசிரியர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

“நாங்கள் ஆசிரியர்கள், எங்களுக்கு அறிவுரை கூறத் தெரியாதா?” என்பாருளர். அறிவுரை வேறு, சிகிச்சை வேறு. உள்ளம் ஒடிந்தவனை “மனத்தைத் திடப்படுத்திக்கொள்” என்பது, கால் ஒடிந்தவனை “எழுந்து நட” என்பதை ஒக்கும். பயிற்சிக் கல்லூரியில் நாம் கற்ற உளவியல், நோயை ஐயுறத் துணைசெய்யும். தீர்க்கும் தகுதியைத் தந்துவிடாது.

அங்ஙனமாயின் தகுதியுடையார் யார்? மனநல மருத்துவர் மருத்துவம் பயின்று, அத்துறையில் சிறப்புப் பயிற்சியும் பெற்றவர், மருந்து தரவல்லவர். மருத்துவ உளவியலாளர் உளநிலையை ஆய்ந்து, பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பவர். மருந்து தருபவர் அல்லர். ஆலோசகர் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்றவராய் இருத்தல் வேண்டும். பெயர்ப்பலகை மாட்டியவரெல்லாம் ஆலோசகர் ஆகார். “தாங்கள் பதிவு பெற்றவரா? எத்தகைய பயிற்சி பெற்றீர்கள்? கட்டணம் எவ்வளவு? நான் கூறுவது எந்நிலையில் பிறர்க்குத் தெரிவிக்கப்படும்?” என வினவுவது அவமதிப்பன்று, உரிமை.

மொழியும் இன்றியமையாதது. தமிழிலே அழுது பழகிய பிள்ளை தன் துயரை மலாயிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்துச் சொல்ல நேரின், பாதித் துயர் நாவிலேயே தங்கிவிடும். தமிழறிந்தவர் உளரா எனக் கேட்க நாண வேண்டா. எனினும் தமிழர் என்பதொன்றே தகுதியாகாது. சில சந்திப்புகளுக்குப் பின்னும் மனம் திறக்க இயலவில்லையெனில் வேறொருவரை நாடலாம், சிகிச்சையையே கைவிடலாகாது.

“பணத்திற்கு எங்கே போவது?” என்பார்க்கு அரசு மருந்தகம் இருக்கிறது. அங்குள்ள மருத்துவரிடம் முறையிட்டால், தேவைப்படின் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பிவைப்பார். தன்னுயிர் போக்க முயல்வதைக் குற்றமெனக் கொண்ட சட்டப்பிரிவும் 2023இல் நீக்கப்பட்டது. சட்டமே இரங்கிவிட்டது, நம் சமுதாயத்தின் நாக்கு இன்னும் இரங்கவில்லை!

பத்துப்பாட்டுள் ஐந்து, ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்ற பாணன் வறிய பாணனுக்குத் தானே வள்ளலாக வேடம் புனையவில்லை. வள்ளல் இருக்குமிடத்தையும் செல்லும் வழியையும் காட்டினான். அப்பாடல்களை வகுப்பில் நடத்தும் நமக்கு அவற்றின் பண்பு வாய்க்க வேண்டாவா? வாடிய முகத்துடன் மாணவன் வந்து நின்றால் பொறுமையுடன் கேளுங்கள்; உரியவரிடம் ஆற்றுப்படுத்துங்கள். ஆசிரியர் கடன் அதுவே.