இசைக்கு மொழியில்லையாம்!

சென்ற வாரம் இங்கே திருவனந்தபுரத்தில் நண்பர்கள் சிலர் கூடிப் பழைய ஜாஸ் இசைத்தட்டுகளைக் கேட்டோம். பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் 'போசா நோவா யு.எஸ்.ஏ.' (1963) ஒலித்து ஓய்ந்ததும் ஒருவர் வழக்கமான தீர்ப்பை வழங்கினார்: "இசைக்கு மொழியில்லை." அனைவரும் தலையசைத்தனர். என்னால் இயலவில்லை.

போசா நோவா 1950களின் இறுதியில் ரியோ டி ஜெனீரோவில் உருவானது. சாம்பாவின் தாளத்தைக் கிதாருக்குள் அடக்கி, பேசுவதுபோல் தணிந்த குரலில் பாடினார் ஜோவா ஜில்பெர்ட்டோ. அக்குரல் தாளத்துக்குச் சற்று முந்தும், சற்றுப் பிந்தும். அது போர்த்துகீசியப் பேச்சின் நடை. மொழியை நீக்கிவிட்டால் அந்த நடை எங்கிருந்து வரும்?

புரூபெக்கின் தட்டில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை அவரே இயற்றியவை. ஆயினும் சிலவற்றுக்குப் போர்த்துகீசியப் பெயர்கள்: 'வென்டோ ஃப்ரெஸ்கோ', 'இர்மாவ் அமிகோ'. தட்டின் முகப்பிலோ அமெரிக்காவின் பெயர். இசைக்கு மொழியே இல்லையெனில் இந்த இரவல் பெயர்கள் எதற்காக?

புரூபெக்கின் மீது எனக்குப் பகையில்லை. 1958இல் சென்னைக்கு வந்து நம் இசையை ஆர்வத்துடன் கேட்டவர் அவர். கறுப்பினத்தவரான யூஜின் ரைட்டைக் குழுவிலிருந்து விலக்க மறுத்து, 1960இல் அமெரிக்கத் தென்மாநிலக் கச்சேரிகள் பலவற்றை இழந்தவர். அத்தகைய நல்லவரின் கையிலும் இது நிகழ்கிறது என்பதே என் கவலை. 1964இல் 'இபனேமா' பாடல் ஒற்றைப் பாடலாக வெளியானபோது, ஜில்பெர்ட்டோ போர்த்துகீசிய மொழியில் பாடிய பகுதி வெட்டப்பட்டது. ஆஸ்ட்ரூட் ஆங்கிலத்தில் பாடியதே எஞ்சியது. உலகம் அதைத்தான் கொண்டாடியது. மொழியில்லாத இசை என்று நாம் வியப்பது பல வேளைகளில் மொழி வெட்டப்பட்ட இசையே.

இந்த வாதம் தமிழர்க்குப் புதிதன்று. 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோதும், தமிழில் பாடுங்கள் என்று கேட்டவர்களுக்கு "இசைக்கு மொழி ஏது?" என்றே விடை கிடைத்தது. விடை சொன்னோர் மேடையில் மொழியின்றிப் பாடவில்லை; தெலுங்கிலும் வடமொழியிலும் பாடினர். அவர்களுக்கு மொழி இருந்தது. நமக்குத்தான் அது இருக்கக்கூடாது!

சொல்லற்ற இசையை நான் மறுக்கவில்லை. தேர்ந்த நாகசுரக் கலைஞர் சாகித்தியத்தை நெஞ்சில் இருத்தியே கீர்த்தனையை வாசிக்கிறார். சொல் மறைந்திருக்கிறது, மறையவில்லை. கொள்வினையையும் நான் பழிக்கவில்லை. சுவாதித் திருநாள் பல மொழிகளில் இயற்றினார். அந்தந்த மொழியைக் கற்று, அதிலேயே இயற்றினார். அதே ஊரில் நீலகண்ட சிவன் தமிழில் பாடினார்; அதைக் கேட்டு வளர்ந்தவர் பாபநாசம் சிவன். இந்நகரில் எவரும் இசைக்கு மொழியில்லை என்று சொல்லத் துணிவது எனக்கு வியப்பளிக்கிறது.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை ஒரு பாடலை ஒலிக்கவிடும்போது அதை ஆக்கியவர் யார், எம்மொழியில் என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தையும் மறுப்பவர்க்கு, "இசைக்கு மொழியில்லை" என்று சொல்லும் உரிமையும் இல்லை.