ஈரச் சுவரும் ஆர்சிசிபியும்

2018 நவம்பர் 16-இல் வீசிய கஜா புயல் நம் மாவட்டத்தில் யாருக்குத்தான் மறக்கும்? பல நாள் கழித்துக் கரண்ட் வந்ததும் எல்லோருக்கும் மோட்டார் போடும் அவசரம். ஓடு பறந்து நனைந்த சுவர் காய்ந்ததா என்று யார் பார்த்தார்கள்?

என் வீட்டில் ஆர்சிசிபி போடப் போட ட்ரிப் ஆனது. “இதைத் தூக்கிட்டு நேரா கொடுத்துடவா சார்?” என்றார் எலக்ட்ரீஷியன். கூடாது என்றேன். எம்சிபி இருக்கிறதே என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது வயரைத்தான் காக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்து ஆளைக் காப்பது ஆர்சிசிபிதான். தொல்லை என்று அதைத் திட்டுவது, குரைக்கிற காவல் நாயை அடிப்பது போல.

மெயினை அணைத்து, நனைந்த அறையின் லைனை மட்டும் பிரித்துவைக்கச் சொன்னேன். சுவர் காயும்வரை அங்கே அரிக்கேன் விளக்குதான். வீட்டம்மா முணுமுணுத்தது வேறு கதை.