நாட்டுக்கோழிக்கும் மருந்து வேண்டும்

நாட்டுக்கோழிக்கு நோய் அண்டாது, அண்டினாலும் தானே தேறிவிடும், மருந்தெல்லாம் பண்ணைக்கோழிக்குத்தான் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் வேரோடிக் கிடக்கிறது. சந்தையில் குஞ்சு விற்பவர்கள் இதையே சொல்லி விற்கிறார்கள். கொரோனா முடக்கத்துக்குப் பிறகு கொல்லையிலும் மொட்டைமாடியிலும் கோழி வளர்க்க இறங்கியவர்களில் பலர் அந்தப் பேச்சை நம்பித்தான் காசு கொடுக்கிறார்கள். கோழி மண்ணில் புரண்டு பேனை உதிர்த்துவிடும், தழையைக் கொத்தித் தின்று குடற்புழுவை வெளியே தள்ளிவிடும் என்று அதற்கு விளக்கமும் தரப்படுகிறது. இந்த விளக்கம் தவறு. ஆண்டுதோறும் எத்தனையோ வீடுகளில் கோழிகளைக் காவு வாங்கும் தவறு.

இதை உடைக்க அடைக்கோழி ஒன்றே போதும். அடைக்கு உட்கார்ந்த கோழி 21 நாள் கூடையை விட்டு அதிகம் எழாது. நாளுக்கு ஒருமுறை எழுந்து அவசரமாக இரை பொறுக்கி, தண்ணீர் குடித்து, எச்சமிட்டுவிட்டுத் திரும்ப வந்து உட்காரும். மண்ணில் புரள அதற்கு நேரம் கிடைப்பதே அரிது. இருட்டு, உடற்சூடு, அசையாத உடம்பு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கிடைப்பதால் ரத்தம் குடிக்கும் செல்பூச்சி அங்கே பெருகுகிறது. நம் ஊர் வெப்பத்தில் இந்தப் பூச்சி முட்டையிலிருந்து வெளிவந்து, வளர்ந்து, மறுபடி முட்டையிட ஒரு வாரம் போதும். குஞ்சு பொரிவதற்குள் மூன்று தலைமுறை பெருகிவிடும். அந்தக் கூடையின் வைக்கோலைப் புரட்டினால் மிளகாய்த்தூள் தூவியதுபோல அடியில் ஊர்ந்துகொண்டிருக்கும். உள்ளே விட்ட கை முழங்கை வரை அரிக்கும். ரத்தம் இழந்த கோழியின் கொண்டை வெளிறும். பொறுக்க முடியாத கட்டத்தில் அது முட்டையை விட்டு எழுந்து போய்விடும். வீட்டாரோ அந்தக் கோழிக்கு அடை உட்காரத் தெரியவில்லை என்று முடிவுகட்டிக் குழம்பு வைத்துவிடுகிறார்கள். உயிர் போகும் அளவுக்குக் கடிபட்ட ஒரு தாய்க்கோழிக்குக் கிடைக்கும் நியாயம் இதுதான்.

சாம்பல் தூவினால் போதும் என்பது அடுத்த நம்பிக்கை. சாம்பலும் புழுதியும் கோழியின் மேல் இருக்கும் பூச்சியின் தோலை உலர்த்தும்; அதனால்தான் மண்குளியல் கோழிக்குத் தேவை. ஆனால் எல்லாப் பூச்சியும் கோழியின் மேலேயே இருப்பதில்லை. சிவப்புச் செல்பூச்சி பகலில் பெரும்பாலும் கோழியைத் தொடுவதில்லை. பஞ்சாரத்தின் மூங்கில் இடுக்கு, கூண்டுப் பலகையின் விரிசல், ஆணி அடித்த ஓட்டை என்று பதுங்கியிருந்து, இருட்டிய பிறகு ஏறி ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். பகலில் கோழியைத் தூக்கிப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இரவில் விளக்கடித்துக் கோழி அடையும் கம்பின் அடிப்பக்கத்தைப் பார்த்தால்தான் கொத்துக் கொத்தாகத் தெரியும். கூண்டைச் சில வாரம் காலியாகப் போட்டால் பட்டினியில் செத்துவிடும் என்பதும் பொய். ரத்தமே கிடைக்காமல் பல மாதம் தாக்குப்பிடிக்கும் பூச்சி இது. ஒரு பக்கம் கோழிக்குச் சாம்பல் தூவிவிட்டு, மறுபக்கம் அதே பஞ்சாரத்தில் அடுத்த கோழியை அடைக்கு வைப்பதால் அந்தக் கோழியும் பாதி அடையில் எழுந்து போகிறது.

பேன் வேறு வகை. அது ரத்தத்தை நம்பி வாழ்வதில்லை. இறகையும் தோல் செதிலையும் தின்று கோழியின் மேலேயே குடும்பம் நடத்தும். எச்சவாயைச் சுற்றிய இறகின் அடியில் வெள்ளைக் கட்டியாக அதன் ஈர் ஒட்டியிருக்கும். கண்ணையும் கொண்டையையும் சுற்றி ஒட்டிக்கொள்ளும் கருந்தெள்ளு இன்னொரு வகை. சுவர் இடுக்கில் வாழும் கோழி உண்ணி இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. ரத்தம் குடிப்பதோடு நில்லாமல் சுருள்கிருமிக் காய்ச்சலையும் பரப்பும். கால் செதிலுக்கு அடியில் துளைத்துக் காலைச் சொரசொரப்பாகத் தடிக்கவைக்கும் பூச்சிக்கு மட்டும் வீட்டு வைத்தியம் உண்மையாகவே பலிக்கிறது. வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, செதிலைப் பிய்க்காமல் வேப்பெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தொடர்ந்து தடவினால் பூச்சி மூச்சுமுட்டிச் சாகும். மண்ணெண்ணெயில் காலை முக்குவது வைத்தியம் ஆகாது, கொடுமை. அது தோலைப் புண்ணாக்கிவிடும்.

மற்றவற்றுக்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் பூச்சிக்கொல்லிதான் வழி. பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவற்றை அவர் சொன்ன அளவில் கலந்து கூண்டின் இடுக்குகளில் படும்படி அடிக்க வேண்டும். அடைக்கூடையின் வைக்கோலை எரித்துவிட்டுப் புதிது போட வேண்டும். மருந்து முட்டையைக் கொல்வதில்லை என்பதால் 7 முதல் 10 நாளுக்குள் மறுபடியும் அடிக்க வேண்டும். ஒருமுறை அடித்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்பவர்கள் இந்த இரண்டாம் முறையைத்தான் விட்டிருப்பார்கள்.

குடற்புழு விஷயத்தில் மேய்ச்சல் காக்கும் என்ற நம்பிக்கை உண்மைக்கு நேர் எதிரானது. மேயும் கோழிக்குத்தான் புழு அதிகம். கம்பிக்கூண்டில் வளரும் கோழி தன் எச்சத்தைத் தொடுவதில்லை. கொல்லைக்கோழியோ எச்சம் விழுந்த மண்ணையே கிளறித் தின்கிறது. உருண்டைப்புழுவின் முட்டை எச்சத்தோடு விழுந்து, ஈரமும் சூடும் கிடைத்தால் இரண்டு வாரம் போல் ஆனதும் தொற்றத் தயாராகிவிடும். அதன்பின் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நாடாப்புழுவை எறும்பும் வண்டும் ஈயும் சுமக்கின்றன. கோழி ஆவலோடு கொத்துவது அவற்றைத்தான். அடைக்கோழியை இங்கேயும் பார்க்கலாம். குஞ்சு இறக்கியதும் அது குப்பைமேட்டுக்கு அழைத்துப்போய்ச் சீய்த்துக் காட்டி ஊட்டுகிறது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுகளைத்தான் உருண்டைப்புழு மிகவும் வாட்டும். சிறகு தொங்கி, நெஞ்செலும்பு கத்திபோல் துருத்தி, தின்றும் தேறாத குஞ்சைப் பார்த்து வளர்த்தி இல்லாத இனம் என்று சொல்லிவிடுகிறார்கள்.

வேப்பிலை அரைத்து ஊட்டியபின் எச்சத்தில் ஒரு புழு கிடந்தால் எல்லாம் போய்விட்டதாக நம்புகிறார்கள். வெளியே வந்த ஒன்று, உள்ளே இருப்பவற்றின் கணக்கைச் சொல்லாது. மருந்து வாங்குவதிலும் அதே அரைகுறைதான். பைப்பரசின் வளர்ந்த உருண்டைப்புழுவை வெளியேற்றும். நாடாப்புழுவுக்கு அது பயன்படாது. அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் பல வகைப் புழுக்களுக்குக் கேட்கும், ஆனால் அளவு எடைக்கு ஏற்ப மாறும். மனிதர்கள் விழுங்கும் 400 மி.கி. மாத்திரையைப் பொடித்துத் தீவனத்தில் தூவினால் முரட்டுச் சேவல் பங்குக்கு மேல் தின்னும், மெலிந்த குஞ்சுக்கு ஒன்றும் கிடைக்காது. மருந்து தேவைப்பட்டது அந்தக் குஞ்சுக்குத்தான்.

புழுவின் கேடு குடலோடு முடிவதில்லை. புழு சுமக்கும் கோழியின் உடலில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி சரியாக வேலை செய்வதில்லை. எட்டாவது வாரத் தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்கச் சொல்வது அதனால்தான். அதைச் செய்யாமல் ஊசி மட்டும் போட்டுவிட்டு, கோடையில் கூண்டே காலியானதும் ஊசியைப் பழிக்கிறார்கள்.

மூலிகை என்று எழுதியிருந்தாலே தீங்கில்லை என்ற நம்பிக்கை ஐரோப்பாவையே உலுக்கியது. 2017இல் நெதர்லாந்து, பெல்ஜியம் பண்ணைகளில் சிவப்புச் செல்பூச்சிக்கு எதிராக, யூகலிப்டஸ் போன்ற தாவர எண்ணெய்களால் ஆனது என்று சொல்லி விற்கப்பட்ட கலவையில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கள்ளத்தனமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. உணவுக் கோழிகளில் அந்த நஞ்சுக்கு அங்கே அனுமதி இல்லை. கோடிக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்று அழிக்க நேர்ந்தது. பெயர் ஒட்டாத புட்டியில் மூலிகைத் தைலம் விற்பவரிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று நம் சந்தைகளில் ஒருவரும் கேட்பதில்லை. மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியைக் கோழிக்கும் போட்டுவிட்டு, மறுநாள் முட்டையைக் குழந்தைக்கு அவித்துக் கொடுக்கும் வீடுகளும் உண்டு. எந்த மருந்தானாலும் எத்தனை நாள் முட்டையும் இறைச்சியும் உண்ணக்கூடாது என்று கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் அடியில் ஒரு அலட்சியம் இருக்கிறது. ஆடு செத்தால் ஊர் விசாரிக்கும். கோழி செத்தால் யாரும் கேட்பதில்லை. கொல்லைக்கோழியின் வருமானம் பெரும்பாலும் பெண்களின் சிறுவாட்டுக் காசு. அதனாலேயே அந்த இழப்பு வீட்டுக் கணக்கில்கூட ஏறுவதில்லை. கோழியைக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் செல்லும் பெண்ணைப் பார்த்துச் சிரிப்பதை முதலில் நிறுத்த வேண்டும். அடுத்த அடை வைக்கும் முன் இரண்டு மூன்று கோழிகளின் புது எச்சத்தைச் சிறு டப்பாவில் எடுத்துப்போய் அங்கே கொடுங்கள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து என்ன புழு என்று சொல்லச் சொல்லுங்கள். அதற்குரிய மருந்தையும் அளவையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.